60528: பதினேழு பேரை நினைக்கும் நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேரிலாந்தில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், வெள்ளை மாளிகை, லிங்கன் மண்டபம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு போர்ட் மீட் ராணுவத் தளத்துப் பக்கம் ஒரு நடை கூட்டிப்போவது என் வழக்கம். அங்கே ரகசியக் குறியீடுகளுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. (ஒரு காலத்தில் அந்தக் கட்டடம் மோட்டல். அதைச் சொன்னதும் சித்தப்பா நம்பவே இல்லை.) அதை ஒட்டி, 1958-ல் சோவியத் யூனியன் சுட்டு வீழ்த்திய ஒரு அமெரிக்க உளவு விமானத்தில் இறந்த 17 பேரையும் அவர்களைப் போன்றவர்களையும் நினைக்க அமைத்த பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்தால், வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"அந்தப் பார்க்குல வெச்ச பெரிய பிளேன், நிஜமாவே சுட்டு விழுத்தின பிளேனா?"

இல்லை. அது அதே வகையைச் சேர்ந்த வேறொரு சி-130. பணி ஓய்வு பெற்ற விமானம் ஒன்றை எடுத்து, விழுந்த விமானத்தைப் போலவே வண்ணம் பூசி, வாலில் 60528 என்ற அதே எண்ணை எழுதினார்கள். பூங்காவை 1997 செப்டம்பர் 2 அன்று திறந்தார்கள். அசல் விமானம் விழுந்து சரியாக 39 வருடம் ஆகியிருந்த நாள் அது.

அசலில் மிஞ்சியது எரிந்த உலோகம்தான். அது விழுந்த இடம் இங்கிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, ஆர்மேனியாவில்.

"சரி, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

1958 செப்டம்பர் 2. துருக்கியில் அடானா நகரத்துப் பக்கம் இருக்கும் இன்சிர்லிக் தளத்திலிருந்து அமெரிக்க விமானப்படையின் சி-130 ஒன்று 17 பேருடன் கிளம்பியது. கருங்கடல் ஓரத்தில் டிராப்சன் வரை போய், அங்கே திரும்பி, "வான்" என்ற பெயருள்ள ஏரிப் பக்கமாகத் துருக்கி எல்லைக்குள்ளேயே பறக்க வேண்டும் என்பது திட்டம். டிராப்சனைத் தாண்டியதாகத் தகவல் வந்தது. அதன் பிறகு அந்த விமானத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

விமானம் எல்லை தாண்டி அன்றைய சோவியத் ஆர்மேனியாவுக்குள் போய்விட்டது. மிக்-17 போர் விமானங்கள் மாறி மாறிச் சுட்டன. யெரெவானுக்கு வடமேற்கே சஸ்னாஷென் என்ற கிராமத்தின் அருகே தீப்பிடித்து விழுந்தது. 17 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை உறுதியாகச் சொல்ல அந்தக் குடும்பங்களுக்கு முப்பத்தைந்து வருடம் பிடித்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

"சி-130ன்னா சாமான் ஏத்துற பிளேன்தானே? அதுல பதினேழு பேர் என்ன பண்ணாங்க?"

வெளியிலிருந்து பார்த்தால் சரக்கு விமானம். உள்ளே வானொலிக் கருவிகள். 17 பேரில் 6 பேர் விமானத்தை ஓட்டும் குழு. மற்ற 11 பேரும் விமானப்படையின் ஒட்டுக்கேட்கும் பிரிவைச் சேர்ந்தவர்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் சோவியத் விமானிகளும் ரேடார் நிலையங்களும் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பதிவு செய்வது அவர்கள் வேலை. ரஷ்ய மொழி படித்த சின்னப் பையன்கள். பாதிப் பேருக்குக் கல்லூரி படிக்கும் வயதுதான் இருக்கும். விமானத்தில் ஆயுதம் எதுவும் கிடையாது.

இந்த வேலையைப் பற்றி மனைவியிடமும் சொல்லக்கூடாது. விமானம் காணாமல் போனபோது அமெரிக்க அரசும் உண்மையைச் சொல்லவில்லை. வானொலி அலைகள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராயப் போன விமானம் என்றது.

"தெரியாம எல்லை தாண்டினாங்களா, வேணும்னே போனாங்களா?"

வேண்டுமென்றே போனார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் பறந்தாலே கேட்க வேண்டியது காதில் விழும், அதற்குத்தான் அவ்வளவு கருவி. அந்தக் காலத்தில் விமானிகள் தரையிலிருந்து வரும் வானொலிச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டுதான் வழி கண்டுபிடிப்பார்கள். சோவியத் பக்கம் ஜார்ஜியாவிலும் ஆர்மேனியாவிலும் இருந்த நிலையங்கள் ஏறக்குறைய அதே அலைவரிசையில், துருக்கி நிலையங்களைவிடப் பலமாக ஒலித்தன. தவறான நிலையத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்பதுதான் அதிகம் சொல்லப்படும் விளக்கம். மலைப்பகுதி வேறு.

என்னைக் கேட்டால் அதுதான் பொருந்துகிறது. ஆயுதமில்லாத, மெதுவான ஒரு விமானத்தைப் பட்டப்பகலில் எவன் வேண்டுமென்றே சோவியத் எல்லைக்குள் ஓட்டுவான்?

"ரஷ்யாக்காரன் சுட்டதை ஒத்துக்கிட்டானா?"

அப்போது இல்லை. விமானம் ஆர்மேனியாவில் "விழுந்தது" என்று மட்டும் சொன்னார்கள். சுட்டதைப் பற்றிப் பேச்சே இல்லை. செப்டம்பர் இறுதியில் 6 உடல்களை ஒப்படைத்தார்கள். மற்ற 11 பேரைப் பற்றிக் கேட்டால், தெரியாது என்றே பதில்.

ஆனால் துருக்கியில் இருந்த அமெரிக்கக் கேட்பு நிலையங்களில், சோவியத் விமானிகள் சுடும்போது தங்களுக்குள் பேசியது அப்படியே பதிவாகியிருந்தது. வெளியே காட்டினால், ஒட்டுக்கேட்பதை அமெரிக்காவே ஒத்துக்கொண்டது போல ஆகும். இரண்டு மாதத்துக்கு மேல் தயங்கிவிட்டு, சோவியத் தூதரிடம் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டுகிறோம் என்றார்கள். அவர் கேட்க மறுத்துவிட்டார். 1959 ஜனவரியில் சோவியத் துணைப் பிரதமர் அனஸ்தாஸ் மிகோயன் அமெரிக்கா வந்தபோதும் இந்தப் பேச்சை எடுத்தார்கள், பயன் இல்லை. அவரே ஆர்மேனியர். மிக் விமானத்தின் பெயரில் இருக்கும் "மி" அவருடைய தம்பி அர்த்தியோம் மிகோயனுடையது. கதையில் யாராவது இப்படி எழுதினால் ரொம்ப ஓவர் என்போம். பிப்ரவரியில் அமெரிக்கா அந்த உரையாடலை எழுத்தில் வெளியிட்டது. போலி என்றது மாஸ்கோ.

"அந்தப் பதினோரு பேர் பாராசூட்ல குதிச்சுத் தப்பிச்சிருக்கலாமே?"

இந்தக் கேள்வியோடுதான் அந்தக் குடும்பங்கள் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தன. 1961-ல் ஒரு சோவியத் பத்திரிகைக் கட்டுரை, 11 அமெரிக்கர்கள் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டது. எண்ணைப் பாருங்கள், அதே பதினொன்று. இங்கே ஒரு அம்மா அதைப் படித்தால் என்ன நினைப்பாள்? பையன் சைபீரியாவில் எங்கோ இருக்கிறான், ஒரு நாள் வருவான் என்றுதானே?

அரசாங்கம் இறந்துவிட்டதாகக் கருதி காகிதத்தை முடித்துவிட்டது. வீட்டில் முடியவில்லை. திதி கொடுப்பதா வேண்டாமா என்று நம் ஊரில் தவிப்பார்களே, கடலுக்குப் போய்த் திரும்பாதவர் வீட்டில், அதே தவிப்பு. கூடவே, வேலை ரகசியம் என்பதால் யாரிடமும் வாய்விட்டுப் பேசவும் வழியில்லை.

"அப்புறம் எப்பதான் தெரிஞ்சுது?"

சோவியத் யூனியன் உடைந்த பிறகு. 1992-ல், காணாமல் போன வீரர்களைத் தேட அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து ஒரு கூட்டு ஆணையம் அமைத்தன. பழைய ஆவணங்கள் வெளியே வந்தன. மிக் விமானங்களில் துப்பாக்கியோடு சேர்த்துப் பொருத்தியிருந்த கேமரா எடுத்த படங்களும் வந்தன. சுட்ட விமானிகளையும் கிராமத்தாரையும் விசாரித்ததில், பாராசூட்டைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

1993-ல் அமெரிக்க ராணுவத்தின் அடையாளம் காணும் ஆய்வகக் குழு சஸ்னாஷென் போய், விழுந்த இடத்தைத் தோண்டிச் சலித்தது. எலும்புத் துண்டுகள் நிறையக் கிடைத்தன, பெரும்பாலும் மிகச் சிறியவை. மேலே சொன்ன பாராசூட் கதைக்கு அந்த மண்ணிலேயே பதில் இருந்தது.

"அந்தக் கிராமத்துலயும் ஏதோ கல்லு வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே?"

ஆமாம், அதைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆர்மேனியர்களுக்குக் "கச்கார்" என்று ஒரு மரபு உண்டு. ஆளுயரக் கல்லில் சிலுவையும் சுற்றிலும் பின்னல் வேலையும் செதுக்கி நிறுத்துவார்கள். இறந்தவர் நினைவுக்கு, வெற்றிக்கு, நேர்த்திக்கடனுக்கு என்று பல காரணங்களுக்காக நடுவது. நம் நடுகல்லைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பூச்சூட்டிய ஊரிலிருந்து வந்தவர்கள்தானே நாம்.

சஸ்னாஷென்காரர்கள் அப்படி ஒரு கல்லை இந்த 17 பேருக்காக நட்டார்கள். செதுக்கிய சிற்பி, 1958-ல் மாணவனாக அந்தப் பக்கம் வந்திருந்தபோது விமானம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். இரண்டு வல்லரசுகளும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில், என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அந்த ஊர் ஆட்கள்தான். பேசத்தான் முடியவில்லை. அன்றைய நிலைமையில் பேசினால் வீடு தேடி ஆள் வரும்.

"உடம்பே கிடைக்கலைன்னா எதைப் புதைச்சாங்க?"

1993-ல் கிடைத்ததைத்தான். எந்தத் துண்டு யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபோது அமெரிக்க ராணுவம் கூட்டாக அடக்கம் செய்யும். 1998 செப்டம்பர் 2 அன்று, நாற்பதாவது வருடத்தில், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அப்படி அடக்கம் நடந்தது. முதல் கேள்வியில் சொன்ன பூங்காத் திறப்புக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து.

இதை ஒரு சித்தி "அரைகுறை" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள், ஒன்றாக விழுந்தார்கள், ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

"நினைவு நாள்ல என்ன செய்வாங்க? சாமி கும்பிடற மாதிரி ஏதாவது உண்டா?"

ராணுவப் பாதிரியார் ஒரு ஜெபம் சொல்வார், அவ்வளவுதான் மதம். கொடியேந்திய அணி வரும், தேசிய கீதம், ஒரு மலர் வளையம். பிறகு பெயர் வாசிப்பு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி அடித்து நிறுத்துவதும் உண்டு. கடைசியில் "டாப்ஸ்" என்ற ஊதுகுழல் இசை. இருபத்து நான்கே ஸ்வரம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நம் ராணுவத்தில் வாசிக்கும் "லாஸ்ட் போஸ்ட்" அதைவிட நீளம்.

விமானப்படை நிகழ்ச்சி என்றால், வசதிப்பட்டால், வானத்தில் ஒரு சடங்கு உண்டு. நான்கு விமானங்கள் அணியாக வரும். தலைக்கு மேலே வரும்போது ஒன்று மட்டும் செங்குத்தாக ஏறிப் பிரிந்து போய்விடும். மற்ற மூன்றும் அந்தக் காலி இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பறக்கும். அடக்கத்தின்போது சவப்பெட்டியின் மேல் விரித்த கொடியை 13 மடிப்பாக முக்கோணமாக மடித்துக் குடும்பத்தார் கையில் கொடுப்பார்கள். வெளியே நீலமும் நட்சத்திரமும் மட்டும் தெரியும், சிவப்பு உள்ளே போய்விடும்.

பேச்சுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் மேடைப் பேச்சு மேடைப் பேச்சுதான். உண்மையான கூட்டம் அது முடிந்து, காகிதக் கோப்பையில் காபி வாங்கிக்கொண்டு ஆட்கள் இரண்டு மூன்று பேராக நிற்கும்போது தொடங்கும்.

"வர்றவங்க எல்லாம் சொந்தக்காரங்களா?"

அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வருவார்கள். 1958-ல் பால்குடிக் குழந்தையாக இருந்தவர்களுக்கே இப்போது வயது 65 தாண்டிவிட்டது.

ஆனால் சொந்தமில்லாதவர்களும் அதே அளவு வருவார்கள். அதே வேலையைப் பார்த்த முன்னாள் வீரர்கள். அன்று வேறு விமானத்தில் இருந்தவர்கள், தரையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர்கள், பிற்பாடு அதே இருக்கைகளில் பறந்தவர்கள். துருக்கியில் அந்த உரையாடல் பதிவானது என்று மேலே சொன்னேன் அல்லவா? பதிவு செய்தது ஒரு இயந்திரம் மட்டும் இல்லை, காதில் கேட்டுக்கொண்டு சக வீரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு அதை எத்தனை வருடம் சுமந்திருப்பார்கள். குடும்பத்தார் இவர்களிடம் முதலில் கேட்பது, "அவன் என்ன வேலை பார்த்தான்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அனுமதி கிடைத்ததுதான் இந்தக் கூட்டத்தின் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

"இந்த ஒரு பிளேன் மட்டும்தானா, இன்னும் இருக்கா?"

இருக்கிறது. 1945-லிருந்து 1977 வரை இப்படி உளவு பார்க்கப் போன அமெரிக்க விமானங்களில் 40-க்கும் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டன. பூங்காவில் விமானத்தைச் சுற்றி நட்ட மரங்கள், இப்படிப் போன விமான வகைகளுக்காக நட்டவை. 1969 ஏப்ரல் 15 அன்று வட கொரியா ஒரு ஈசி-121 விமானத்தை வீழ்த்தியதில் 31 பேர் போனார்கள். மீட்டது இரண்டே உடல்கள். போர்ட் மீட்டில் உள்ள என்எஸ்ஏ (அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு வேலைகளைக் கவனிக்கும் தேசியப் பாதுகாப்பு முகமை) தலைமையகத்துக்குள் கறுப்புக் கல்லில் இப்படிப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். மேலே ஒரே வரி: அவர்கள் மௌனமாகப் பணி செய்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நம்மை விட மாட்டார்கள்.

"உளவு பார்க்கப் போனவங்கதானே? இதுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?"

இதைக் கேட்காத மாமா கிடையாது. நியாயமான கேள்விதான். சோவியத்தும் அதே வேலையைத்தான் செய்தது, இன்றைக்கும் எல்லா நாடும் செய்கிறது. அன்றைய அமெரிக்கக் கொள்கை சரியா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், நானே வாதாடுவேன். அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் யாரும் அந்த விமானத்தில் இல்லை. தவிர, கல் நட்ட சஸ்னாஷென்காரர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையா? அவர்கள் அன்று "எதிரி" நாட்டுக் குடிமக்கள்.

"சுட்ட பைலட் மேல இவங்களுக்குக் கோபம் இல்லையா?"

ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி. இதில் நான் மொத்தமாகப் பேச முடியாது. எனக்குப் புரிந்தவரை, உத்தரவு வந்து சுட்ட இருபத்தைந்து வயது விமானி மேல் இருக்கும் கோபத்தைவிட, தெரிந்தும் சொல்லாமல் இருந்த அலுவலகங்கள் மேல் இருக்கும் கோபம் பெரிது. அதில் தங்கள் நாட்டு அலுவலகங்களையும் சேர்த்தே சொல்வார்கள்.

"நாம போனா தப்பா நினைப்பாங்களா? என்ன பேசறது?"

தப்பாக நினைக்க மாட்டார்கள். பொதுவில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் ஓரமாக நிற்கலாம். பூங்காவும் அருங்காட்சியகமும் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அடக்கமான உடை போதும், கறுப்புதான் வேண்டும் என்றில்லை. பெயர் வாசிக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள்.

பேச்சு கொடுக்க வேண்டுமென்றால், "யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நான் முதல் தடவை ஒரு பெரியவரிடம், "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டுவிட்டேன். "உறவில்லை, அடுத்த வாரம் அந்த சீட் என்னுடையது" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆர்லிங்டன் போனால் கல்லறைக் கற்களின் மேல் சில்லறைக் காசு இருப்பதைப் பார்க்கலாம். ஒரு சென்ட் என்றால் "வந்து பார்த்தேன்", ஐந்து சென்ட் என்றால் "சேர்ந்து பயிற்சி பெற்றோம்", பத்து என்றால் "சேர்ந்து பணி செய்தோம்", இருபத்தைந்து என்றால் "சாகும்போது கூட இருந்தேன்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால் கையில் எடுக்க விடாதீர்கள்.

"நம்ம ஊர்ல இப்படி எதுவும் இல்லையா?"

இருக்கிறது, அதுவும் நம் வாசலிலேயே. 2016 ஜூலை 22 அன்று தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் வங்காள விரிகுடாவில் 29 பேருடன் காணாமல் போனது. கப்பல், விமானம், நீர்மூழ்கி என்று எல்லாவற்றையும் வைத்துத் தேடினார்கள். செப்டம்பரில், இறந்ததாகக் கருதுகிறோம் என்று குடும்பங்களுக்குக் கடிதம் போனது. மேலே பதினோரு பேரைப் பற்றிச் சொன்ன அதே நிலை. ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிய பாகங்கள் தெரிந்தன. ஏஎன்-32 உடையதாகத்தான் இருக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

இன்னொன்று, 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லேவுக்குப் போய், வானிலை சரியில்லாமல் திரும்பும்போது ரோத்தாங் பக்கம் மறைந்த ஏஎன்-12. 102 பேர். 2003-ல் மலையேறிகள் பனியாற்றில் பாகங்களைப் பார்த்தார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் கூட நான்கு உடல்களை எடுத்து வந்தார்கள். 56 வருடம் கழித்து ஒருவர் கேரளத்தில் தன் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்.

"பதினேழு பேரையும் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

இது அக்கா பையன் கேட்டது, வயது ஒன்பது. பெயர்கள் பொறித்த கல்லின் முன்னால் நின்று அவனே படித்துப் பார்த்தான், நான் கடிகாரம் பார்த்தேன். வேகமாகப் படித்தால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெயருக்குப் பெயர் மணி அடித்து நிறுத்துவது போல இடைவெளி விட்டுப் படி என்றேன். மூன்று நிமிடம் ஆனது. இரண்டு பெயரை எப்படி உச்சரிப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சொல்லிக் கொடுத்தார்.